படம் வருது, சத்தம் வரலை: பாட்டு வீடியோக்களை ஒழுங்குபடுத்திய பதிவு

என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் மொத்தம் ஆயிரத்து நானூறு சொச்சம் வீடியோ ஃபைல்கள், 310 ஜிபி. பாதிக்கு மேல் நான் இணையத்திலிருந்து இறக்கிய சினிமாப் பாட்டுகள். மீதியில், அப்பா மொபைல் கடையில் மெமரி கார்டில் ஏற்றி வாங்கி வந்தவை, வள்ளி திருமணக் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியின் அரங்கேற்ற வீடியோக்கள், ஊர் மாரியம்மன் பண்டிகையை எடுத்த பழைய விசிடிகள் என எல்லாம் கலந்து கிடந்தன. இப்போது எல்லாம் ஒரே இடத்தில், பெயரோடும் வருடத்தோடும் இருக்கின்றன. ரிமோட்டில் நாலு பட்டன் அழுத்தினால் கேட்ட பாட்டு வருகிறது. நடுவில் வீணாய்ப் போன வேலையையும் சேர்த்தே எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு ஹார்ட் டிஸ்க் பல வீடுகளில் கிடக்கும்.

முதலில் சாமான். காந்திபுரத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் வாங்கிய ஆபீஸ் கம்ப்யூட்டர். நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 7,500 ரூபாய். அதில் லினக்ஸ் மின்ட் போட்டேன். புது 4 டிபி ஹார்ட் டிஸ்க் 9,800. ஹெச்டிஎம்ஐ கேபிள் 250. மென்பொருளுக்கு ஒரு ரூபாய் செலவில்லை: வீடியோவை மாற்ற எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக், விவரம் பார்க்க மீடியாஇன்ஃபோ, வெட்ட லாஸ்லெஸ்கட், டிவியில் ஓட்ட கோடி (Kodi) எல்லாமே இலவசம்.

கம்ப்யூட்டரை டிவியில் செருகி கோடியில் ஓட்டினால் எந்த ஃபைலும் ஓடிவிடும். அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். காங்கேயத்தில் இருக்கும் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டு டிவிக்காகத்தான். அது ஒரு பழைய ஸ்மார்ட் டிவி. பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோனால் சில பாட்டு ஓடும், சிலவற்றில் படம் மட்டும் வரும், சத்தம் வராது, சில பாட்டுக்கு ‘இந்த ஃபைலை இயக்க முடியாது’ என்று மட்டும் எழுதிக் காட்டும். நங்கையாவின் (அண்ணியின்) கும்மிக் குழு பயிற்சிக்கு உட்காரும் வீட்டு டிவியும் கிட்டத்தட்ட அதே வயது. அதனால் அம்மாயி டிவியில் ஓடினால் எங்கும் ஓடும் என்பதை அளவாக வைத்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் இரண்டு வாரம் வீண். எல்லாவற்றையும் ஹேண்ட்பிரேக் வரிசையில் தள்ளி, வீடியோவை இன்னும் சின்னதாகச் சுருக்கும் ஹெச்265 வகையாக மாற்றச் சொல்லி விட்டேன். இடம் மிச்சமாகும் என்ற ஆசைதான். ராத்திரி முழுக்க ஃபேன் இரைந்தது, காலையில் பார்த்தால் சில டஜன் பாட்டுதான் முடிந்திருந்தது. முடிந்ததையும் அம்மாயி டிவி தொடவே இல்லை. அந்த டிவிக்கு ஹெச்265 தெரியாது. இன்னொன்று, இணையத்திலிருந்து இறக்குவது ஏற்கெனவே நன்றாகப் பிழிந்த வீடியோ. அதை மறுபடி பிழிந்ததில் ராத்திரிக் காட்சிகளில் இருட்டு கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. அத்தனையையும் அழித்துவிட்டு அசலிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். அசல் பழைய 1 டிபி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அப்புறம்தான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்புரோப் என்ற சின்னக் கருவியை எல்லா ஃபைல் மேலும் ஓடவிட்டு, படம் எந்த வகை, சத்தம் எந்த வகை, எத்தனை விநாடி, எத்தனை பிக்சல் என்று ஒரு எக்செல் பட்டியலாக எடுத்தேன். எம்பி4, எம்கேவி, வெப்எம் என்பதெல்லாம் வெறும் டப்பா. உள்ளே இருக்கும் படமும் சத்தமும்தான் டிவிக்குப் பிரச்சினை. பட்டியலைப் பார்த்ததும் பாதி வேலை குறைந்துவிட்டது. தொள்ளாயிரத்துக்கு மேல் பழைய டிவிக்கும் தெரிந்த ஹெச்264 படம், ஏஏசி சத்தம். அவற்றில் கைவைக்கவே தேவையில்லை. முந்நூறு சொச்சத்தில் படம் ஹெச்264 தான், சத்தம் மட்டும் அந்த டிவிக்குத் தெரியாத ஓபஸ் வகை. படம் மட்டும் வந்து சத்தம் வராதவை இவைதான். மிச்சம் நூற்றைம்பது வாக்கில் விபி9, ஏவி1, இன்னும் பழைய டிவ்எக்ஸ். இவற்றுக்கு மட்டும்தான் முழு மாற்றம் வேண்டும்.

ஓபஸ் கூட்டத்துக்கு எஃப்எஃப்எம்பெக்கில் படத்துக்குக் ‘காப்பி’, சத்தத்துக்கு ‘ஏஏசி, 192கே’ என்று சொன்னால் போதும். படம் ஒரு புள்ளிகூட மாறாமல் அப்படியே புது எம்பி4-க்குப் போய்விடும். அஞ்சு நிமிஷப் பாட்டுக்குச் சில விநாடிதான் ஆனது. முந்நூறு பாட்டும் ஒரு சாயங்காலத்தில் முடிந்தது.

முழுசாக மாற்ற வேண்டியவற்றுக்கு ஹெச்264, சிஆர்எஃப் 20 (இது தர அளவு, எண் குறைந்தால் தரம் கூடும்), ‘ஸ்லோ’ வேகம் வைத்தேன். இந்தக் கம்ப்யூட்டரில் 1080 வீடியோவுக்குப் பாட்டு ஓடும் நேரம் அளவே மாற்றும் நேரமும் ஆகிறது. சிஆர்எஃப் 18 வைத்துப் பார்த்தேன், ஃபைல் பெருத்ததே தவிர அம்மாயி டிவியில் வித்தியாசம் தெரியவில்லை. 23 வைத்தால் கூட்டக் காட்சிகளில் முகங்கள் மழுங்கின. ஒன்றை மறக்கக் கூடாது: பிக்சல் வகையை ‘ஒய்யுவி420பி’ என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அசலில் இருக்கும் 10 பிட் நிற அளவு அப்படியே வந்து, பழைய டிவி மறுபடி முறைக்கும்.

பண்டிகை விசிடிகளில் ‘எம்பெக்ஏவி’ ஃபோல்டருக்குள் ‘டாட்’ என்று முடியும் ஃபைல் இருக்கும். அது வெறும் எம்பெக்-1 வீடியோ, 352க்கு 288 பிக்சல். அதையும் காப்பி முறையில் எம்பிஜி டப்பாவுக்கு மாற்றினேன், அவ்வளவுதான். இதை 1080-க்குப் பெரிதாக்கித் தருகிறேன் என்று சொல்லும் மென்பொருள்களை நம்ப வேண்டாம். இருபது வருடத்துக்கு முன் தீர்த்தக்குடம் தூக்கி வந்த பெரியப்பாவின் முகம் அதில் மெழுகு பூசினாற்போல ஆகிவிட்டது. அசலில் மங்கலாக இருந்தாலும் அது அவர் முகம்.

டிவிடியிலிருந்து எடுத்து யாரோ ஏற்றியிருந்த பாட்டுகளில் வேறு தொல்லை. ஆள் வேகமாக அசையும்போது ஓரமெல்லாம் கோடு கோடாகத் தெரியும். அவற்றுக்கு மாற்றும்போது ‘யாடிஃப்’ ஃபில்டரைச் சேர்த்தேன், கோடு போய்விட்டது. எல்லா வீடியோவுக்கும் அதைப் போடக்கூடாது. கோடு இல்லாத படத்தில் போட்டால் கூர்மைதான் குறையும்.

வேலை நடுவில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளை மறந்துவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு நின்றது. அப்போது மாறிக்கொண்டிருந்த எம்பி4 ஃபைல் முக்கால்வாசி முடிந்தும் திறக்கவே இல்லை. எம்பி4-இல் உள்ளடக்க அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எந்த பிளேயருக்கும் புரியாது. அதைவிட ஆபத்து, அந்த அரைகுறை ஃபைல் முடிந்த ஃபைல் மாதிரியே பட்டியலில் உட்கார்ந்திருந்தது. அதனால் ஃபைல்களை வரிசையாக மாற்றித் தரும் என் ஸ்கிரிப்டைத் திருத்தினேன். முதலில் தற்காலிகப் பெயரில் எழுதும், முடிந்ததும் எத்தனை விநாடி என்று அசலோடு ஒப்பிடும், சரியாக இருந்தால் மட்டும் சரியான பெயர் வைக்கும். பின்னால் ஒரு பழைய யுபிஎஸ்ஸுக்குப் பேட்டரி மட்டும் 1,100 ரூபாய்க்கு மாற்றிக்கொண்டேன்.

சத்த அளவு

ஓட ஆரம்பித்ததும் அடுத்த புகார். பழைய பாட்டு காதில் விழாமல் வால்யூமை ஏற்றினால், அடுத்த பாட்டு வீட்டையே தூக்கும். அளந்து பார்த்தேன். கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு ஒன்று மைனஸ் 24 லஃப்ஸ் (சத்த அளவுக்கான அலகு), சமீபத்திய குத்துப்பாட்டு ஒன்று மைனஸ் 9. எஃப்எஃப்எம்பெக்கில் ‘லவுட்நார்ம்’ என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது. ஒலிபரப்பு நிலையங்களுக்கு ஐரோப்பாவில் வைத்த கணக்கு மைனஸ் 23. வீட்டு டிவிக்கு அது ரொம்பச் சின்னது, நான் மைனஸ் 16 வைத்தேன். முதல் சுற்றில் அளந்து, இரண்டாம் சுற்றில் மாற்றும் முறைதான் நல்லது. ஒரே சுற்றில் செய்தால் பாட்டின் நடுவே சத்தம் மூச்சு வாங்குவது மாதிரி ஏறி இறங்கும். பம்பை அடிக்கும் இடத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது.

இதில் ஒரு பொறி. லவுட்நார்ம் சில பாட்டுகளில் சத்தத்தை உள்ளுக்குள் 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிடும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஏஏசி அதைத் தன் உச்சமான 96-க்கு இறக்கி எழுதும். கம்ப்யூட்டரில் அருமையாக ஓடியது அம்மாயி டிவியில் மறுபடி ஊமை. காரணம் கண்டுபிடிக்கத் திணறிவிட்டேன். ‘ஏஆர் 48000’ என்று ஒரு சொல் சேர்த்ததும் சரியாயிற்று.

கும்மி வீடியோக்கள்

கோவை மாவட்டத்து பத்ரப்பன் அவர்களுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்த சமயத்தில் அவருடைய பேட்டிகளையும் இறக்கி வைத்திருந்தேன். பேட்டியைப் பாட்டு நூலகத்தில் எங்கே வைப்பது என்று குழம்பி, கடைசியில் ‘பேச்சு’ என்று தனி ஃபோல்டர் போட்டேன். அரங்கேற்ற வீடியோக்களுக்கு அப்படிக் குழப்பம் இல்லை, நீளம்தான் பிரச்சினை. ஆசிரியர் பாடப் பாட ஊரே வட்டம் கட்டி ஆடுவது மூணு மணி நேரம் ஓடும். ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் ஏறவே ஏறாது. யாருக்கும் முழுசும் வேண்டியதில்லை என்பது வேறு.

“தம்பி, வள்ளி தினைப்புனம் காக்கப் போறதிலிருந்து கிழவன் வர்ற வரைக்கும் மட்டும் வெட்டிக் குடு சாமி. அந்த அடவுதான் எங்களுக்கு வரமாட்டேங்குது” என்றார் நங்கையா.

எஃப்எஃப்எம்பெக்கில் நேரம் கொடுத்துக் காப்பி முறையில் வெட்டினேன். சத்தம் சரியாக ஆரம்பித்தது, படம் மட்டும் மூணு விநாடி உறைந்து நின்று பிறகு குதித்தது. அடி எடுத்து வைக்கும் முதல் சுற்றே அந்த மூணு விநாடிக்குள் போய்விட்டது. பயிற்சிக்கு அந்த முதல் அடிதானே வேண்டும்! வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் இல்லை. சில விநாடிக்கு ஒரு முழு ஃபிரேம்தான் இருக்கும், நடுவில் இருப்பவை எல்லாம் முந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கு. காப்பி முறையில் வெட்டினால் முழு ஃபிரேமில்தான் வெட்ட முடியும். லாஸ்லெஸ்கட்டில் முழு ஃபிரேமுக்கு முழு ஃபிரேம் தாவும் பட்டன் இருக்கிறது. அதில் ஆசிரியர் மூச்சு இழுக்கும் இடத்துக்கு முந்தைய முழு ஃபிரேமில் வைத்து வெட்டினேன். இரண்டு விநாடி கூடுதலாக வரும், அது பரவாயில்லை. விநாயகர் வணக்கம், வள்ளி பிறப்பு, தினைப்புனம், கிழவன், யானை, கல்யாணம் என்று ஒவ்வொரு அரங்கேற்றத்தையும் பிரித்து, ஊர்ப் பெயரும் வருடமும் போட்டாயிற்று. இவை குழுக்களே ஏற்றிய வீடியோக்கள். வெட்டிய துண்டுகளை வேறெங்கும் ஏற்றுவதில்லை, பயிற்சிக்கு மட்டும் என்று அந்தந்த ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன்.

பெயர் வைப்பது

உண்மையான வேலை இங்கேதான். மாற்றத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், பெயரை நாம்தான் வைக்க வேண்டும்.

கோடிக்குள் பாட்டு வீடியோவுக்கென்றே தனி நூலகம் இருக்கிறது. இணையத்தில் தேடித் தானே விவரம் நிரப்பும். நம்ம பாட்டுக்கு அது உதவவில்லை. ஒரு பழைய காதல் பாட்டுக்கு எங்கேயோ உள்ள ராக் இசைக்குழுவின் படத்தை ஒட்டி வைத்தது. அமைப்பில் ‘உள்ளூர் விவரம் மட்டும்’ என்று மாற்றி, ஒவ்வொரு வீடியோவுக்கும் அதே பெயரில் ஒரு என்எஃப்ஓ ஃபைல் வைத்தேன். அது சாதாரண எழுத்து ஃபைல்தான்: தலைப்பு, கலைஞர், ஆல்பம், வருடம், குறிச்சொல். பட்டியலை லிப்ரேஆபீஸில் நிரப்பிவிட்டு, சின்ன பைதான் ஸ்கிரிப்டில் ஆயிரத்துச் சொச்சம் என்எஃப்ஓ-வையும் ஒரே மூச்சில் எழுத வைத்தேன்.

‘கலைஞர்’ என்ற கட்டத்தில் யாரைப் போடுவது? முதலில் இசையமைப்பாளரை வைத்து ஃபோல்டர் ஃபோல்டராக அடுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. அம்மாயி வந்து உட்கார்ந்ததும் கலைந்தது.

“கண்ணு, சிவாஜி படகுல போவாரே, அந்தப் பாட்டைப் போடு.”

“எந்தப் படமுங்க அம்மாயி?”

“அதெல்லாம் தெரியாது. சுசீலா பாடும்.”

வீட்டில் என்னைத் தவிர யாருமே இசையமைப்பாளரைச் சொல்லிக் கேட்பதில்லை. நடிகரைச் சொல்வார்கள், பாடகரைச் சொல்வார்கள், ‘மழையில நனைவாங்களே’ என்பார்கள். அதனால் ஃபோல்டர் படத்தின் பெயரும் வருடமும். ஒரே தலைப்பில் இரண்டு படங்கள் வந்திருப்பதால் வருடம் கட்டாயம். ஃபைல் பெயர் பாட்டின் முதல் அடி. ஆல்பம் கட்டத்தில் படம். கலைஞர் கட்டத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம், இசையமைப்பாளரும் பாடகர்களும் அங்கே. நடிகர்கள் குறிச்சொல்லில். படகு, மழை, ரயில், தேர் என்று காட்சிக்கும் குறிச்சொல் போட்டேன். அதிகம் பயன்படுவது இந்தக் கடைசிதான், இதை நான் எதிர்பார்க்கவில்லை.

பெயர்கள் எல்லாம் தமிழிலேயே. இறக்கிய தலைப்புகளில் ஆங்கிலத்தில் இளையராஜாவை மட்டும் நாலைந்து விதமாக எழுதியிருந்தார்கள். ஒரு ‘எல்’, இரண்டு ‘எல்’, நடுவில் ‘ஐ’யா ‘ஒய்’யா என்று ஆளுக்கொன்று. தமிழில் வைத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். கலைஞர் பட்டியலில் டி.எம். சௌந்தரராஜன் இரண்டு பேராக நின்றார். எழுத்துக்கு எழுத்து பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றில் ஔகார உயிர்மெய் ஒரே எழுத்தாக இருந்தது. இன்னொன்றில் யாரோ ஒற்றைக்கொம்பு, ச, அப்புறம் ‘ள’ என்ற எழுத்தையே தட்டியிருந்தார்கள். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. ‘கோ’, ‘பொ’ மாதிரி எழுத்துகளிலும் இப்படி உண்டு: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் இருக்கலாம், தனித்தனிக் குறியாகவும் இருக்கலாம். இதைப் பைதானில் ‘என்எஃப்சி’ என்ற ஒரே கட்டளை சரிசெய்துவிடும். ‘ள’ சங்கதியை மட்டும் அது தொடாது, அதைத் தேடித் தேடிக் கையால்தான் மாற்றினேன்.

இன்னொரு தமிழ்ப் பிரச்சினை நீளம். பழைய டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்கு நகல் எடுக்கும்போது சில ஃபைல்கள் ‘பெயர் மிக நீளம்’ என்று நின்றன. அந்த டிஸ்க் விண்டோஸ் வகை, 255 குறி வரை பெயர் வைக்கலாம். புது டிஸ்க்கில் இருக்கும் இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் வகையில் கணக்கு 255 பைட். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போகிறது, அதாவது 85 குறிதான். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் குறி என்பதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்து இன்னும் குறைவு. படம், பாடகர், நடிகர், ‘ஹெச்டி வீடியோ சாங்’ என்று வால் நீண்ட தலைப்புகள் எல்லாம் அங்கே மாட்டின. வாலை வெட்டியதும் ஏறிவிட்டன. பென் டிரைவுக்கு இன்னும் ஒரு வேலை: கேள்விக்குறி இருக்கும் பெயர் ஃபேட்32-இல் ஏறாது. நம்ம பாட்டில் பாதி கேள்வியில்தானே ஆரம்பிக்கிறது! அம்மாயி டிவியில் தமிழ் எழுத்துரு வேறு இல்லை, கட்டம் கட்டமாகக் காட்டும். அதனால் பென் டிரைவுக்கு நகல் எடுக்கும் ஸ்கிரிப்ட், தமிழ்ப் பெயருக்குப் பதிலாகப் பட்டியலில் வைத்திருக்கும் தங்கிலீஷ் பெயரைப் போட்டுத் தரும்.

ஒரே பாட்டு இரண்டு மூன்று தடவை இருப்பதைப் பிடிக்க, நகல் ஃபைல்களைத் தேடும் எஃப்டியூப்ஸ் கருவி உதவவில்லை. பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருந்தால்தான் அது பிடிக்கும். பட்டியலை விநாடி வாரியாக அடுக்கியபோது பெரும்பாலானவை அடுத்தடுத்து வந்து நின்றன. சில ஜோடிகள் மட்டும் தள்ளி நின்றன. ஒன்று நாலரை நிமிஷம், இன்னொன்று 4 நிமிஷம் 19 விநாடி. வெட்டுப்பட்டது என்று நினைத்துக் கேட்டால் முழுப் பாட்டும் இருந்தது, சுருதி மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், நம்ம ஊர் டிவி முறை 25. அந்த வேகத்துக்கு ஏற்றிய நகல் 4 சதவீதம் சுருங்கிவிடும். இரண்டில் நீளமானதை வைத்துக்கொண்டேன்.

மொத்தச் செலவு 18,650 ரூபாய். அடுத்த தடவை மாற்றிச் செய்வது இவை. இறக்கும்போதே, ஒய்டி-டிஎல்பி என்ற இறக்கும் கருவியில் விவர ஃபைலையும் சேர்த்து எழுதச் சொல்லிவிடுவேன். எங்கிருந்து வந்தது, எப்போது ஏற்றப்பட்டது என்பது இப்போது பாதிக்கு என்னிடம் இல்லை. ஹெச்264 கிடைத்தால் அதையே இறக்குவேன், 4கே என்று போட்டிருப்பதைத் துரத்த மாட்டேன். அரைகுறை யுபிஎஸ்ஸை வேலை ஆரம்பிக்கும் முன்பே சரிசெய்வேன். படமே தெரியாத அறுபது சொச்சம் பாட்டு ‘பெயரிலி’ ஃபோல்டரில் கிடக்கிறது, பொங்கலுக்கு எல்லோரும் வரும்போது டிவியில் வரிசையாக ஓடவிட்டுக் கேட்கப் போகிறேன். பழைய 1 டிபி டிஸ்க்கை அழிக்கவில்லை. மாதம் ஒரு தடவை ஆர்சிங்க் என்ற நகல் கருவியில் புதுசை மட்டும் ஏற்றிவிட்டு, காங்கேயத்தில் அம்மாயி வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வருகிறேன்.